குழந்தை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும்? கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், காவல் கண்காணிப்பாளர், குழந்தைகள் நலக் குழுத் தலைவர், நலப் பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் ஆகியோருக்கும்,

வணக்கம்.

2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாமும், அங்கே மாணவியருக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையும் தாங்கள் அறிந்தவை. விஷயம் வெளியே வந்ததும் சென்னையிலிருந்து இரண்டு குழுக்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று ஐ.ஜி. தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு. மற்றொன்று சமூக நலத்துறைச் செயலாளர் தலைமையிலான பல்துறைக் குழு. காவல், கல்வி, மருத்துவம், மனநலம், குழந்தைகள் பாதுகாப்பு என்று தனித்தனி வாசலில் நிற்பவர்கள் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் நாளிதழின் முதல் பக்கத்தில் வராத வழக்குகளுக்கு அந்த மேசை கிடையாது. அஞ்செட்டி மலையில் ஒரு குழந்தைக்கோ, சிப்காட் தொழிற்பேட்டையின் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரு குழந்தைக்கோ இப்படி நடந்தால், அந்தக் குழந்தைதான் துறை துறையாக நடக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு எதுவானாலும், முதல் தகவல் அறிக்கை பதிவான 72 மணி நேரத்துக்குள், அந்த வழக்கில் கை வைக்கும் எல்லாத் துறையினரும் ஒருமுறை கூடிப் பேச வேண்டும். ஒரு மணி நேரம் போதும். அதை நிலையான ஆணையாகத் தாங்கள் பிறப்பிக்க வேண்டும். புதிதாகப் பதவியோ நிதியோ கேட்கவில்லை. இந்தக் கூட்டம் ஏன் வேண்டும், இல்லாததால் எங்கே என்ன கெடுகிறது என்பதைக் களத்தில் வேலை செய்யும் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், ஆசிரியர்கள் என்ற முறையில் விவரமாகவே எழுதுகிறோம்.

ஒரு வழக்கின் சாதாரணப் பாதையைப் பாருங்கள். குழந்தை முதலில் வகுப்பு ஆசிரியையிடம் சொல்கிறது. ஆசிரியை தலைமையாசிரியரிடம் அழைத்துப் போகிறார், அங்கே மறுபடியும் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் அங்கிருந்து வரும் பணியாளர் கேட்கிறார். உள்ளூர்க் காவல் நிலையத்தில் ரைட்டர் கேட்டுவிட்டு "இது மகளிர் ஸ்டேஷன் கேஸ்" என்கிறார். மகளிர் காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேட்கிறார். மருத்துவமனையில் பணி மருத்துவர், பிறகு மகப்பேறு மருத்துவர், நடுவில் நர்ஸ். அடுத்து குழந்தைகள் நலக் குழு. குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநர். நீதித்துறை நடுவர். மாதங்கள் கழித்து நீதிமன்றம். இவர்களில் நடந்ததை முழுமையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய கடமை சட்டப்படி புலன் விசாரணை அதிகாரிக்கும், நடுவருக்கும், கடைசியில் சிறப்பு நீதிமன்றத்துக்கும்தான் உண்டு. மருத்துவர் சிகிச்சைக்கும் தடயத்துக்கும் தேவையான அளவு கேட்டால் போதும். மற்ற எல்லாருக்கும் வேண்டியது நான்கே விவரம்: குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டிலா, உடனடியாக என்ன உதவி தேவை, எந்த மொழியில் பேசும். இந்த நான்கும் ஒரு தாளில் அடங்கும்.

திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதில் இரண்டு கேடு. குழந்தைக்கு ஏற்படுவது வெளிப்படை. இரண்டாவது கேடு வழக்குக்கு. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய சொல்லில் எழுதி வைக்கிறார்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் ஒரு தேதி, எஃப்.ஐ.ஆரில் ஒரு தேதி, நலக் குழு அறிக்கையில் வேறு தேதி. எட்டு வயதுக் குழந்தை திருவிழாவையும் பரீட்சையையும் வைத்து நாளைச் சொல்லும். அதைத் தேதியாக மாற்றியது பெரியவர்கள். குறுக்கு விசாரணையில் "முரண்பாடு" என்று நிற்பது குழந்தை.

பள்ளியிலிருந்து தொடங்குகிறோம். போக்சோ சட்டம் பிரிவு 19 தெளிவாக இருக்கிறது: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாத தனிநபருக்குப் பிரிவு 21-இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. இவ்வளவு இருந்தும் நடப்பது "உள் விசாரணை". தலைமையாசிரியர் மூன்று ஆசிரியர்களை வைத்து விசாரிக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்திக் கேட்கிறார், பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. பர்கூர் வழக்கிலும் பள்ளி நிர்வாகத்தினர் மீதான குற்றச்சாட்டு மறைத்தது பற்றியதுதான்.

ஆசிரியர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். குழந்தை சொல்வதை இடையில் வெட்டாமல் கேட்பது, "அப்புறம் என்ன ஆச்சு" என்பதற்கு மேல் கேள்வி அடுக்காமல் இருப்பது, குழந்தை சொன்ன சொற்களையே நாள் நேரத்தோடு எழுதி வைப்பது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, அன்றே 1098-க்கோ 112-க்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ தகவல் கொடுப்பது. 14417-இல் சொன்னாலும் தகவல் பதிவாகும். ஆனால் அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். அங்கே சொன்னதால் பிரிவு 19 கடமை முடிந்துவிட்டதாகத் தலைமையாசிரியர்கள் எண்ணிவிடக் கூடாது. கராத்தே, யோகா, என்.சி.சி. என்று வெளியிலிருந்து வரும் பயிற்றுநர்கள் விஷயத்தில், 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் குழந்தைகளோடு தொடர்பில் வரும் பணியாளர் அனைவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்கச் சொல்கின்றன. என்.சி.சி. என்றால் சம்பந்தப்பட்ட பட்டாலியனிடமிருந்து எழுத்துப்பூர்வ உறுதி இல்லாமல் முகாமுக்கு அனுமதி இல்லை என்று முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு வரி சுற்றறிக்கை விட்டாலே பாதிக் கதவு மூடும்.

காவல் நிலையத்தில் இரண்டு தவறுகள் வழக்கமானவை. ஒன்று எல்லை. ஓசூரில் குடியிருக்கும் குழந்தைக்கு அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ நடந்திருந்தால், வேப்பனப்பள்ளிக் குழந்தைக்குக் குப்பம் பக்கத்தில் நடந்திருந்தால், "அந்த ஸ்டேட்டுக்குப் போங்க" என்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173, எல்லை எதுவானாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. எல்லை பாராமல் பதியும் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவது மட்டும் போதாது. மருத்துவப் பரிசோதனையை இங்கேயே முடித்துவிட்டுத்தான் கோப்பு எல்லை தாண்ட வேண்டும். கர்நாடக நிலையம் வந்து அழைத்துப் போகும் வரை தடயம் காத்திருக்காது.

இரண்டாவது தவறு, நலக் குழு முன் குழந்தையை ஆஜர்படுத்துவது பற்றிய குழப்பம். சில நிலையங்கள் எல்லாக் குழந்தைகளையும் கிருஷ்ணகிரிக்கு அழைத்து வருகின்றன. சில நிலையங்கள் குழுவுக்குத் தகவலே கொடுப்பதில்லை. சட்டம் சொல்வது வேறு. எல்லா வழக்கிலும் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். போக்சோ விதிகளின் இணைப்பில் உள்ள படிவம் ஆ, அதாவது முதற்கட்ட மதிப்பீட்டு அறிக்கையும் குழுவுக்குப் போக வேண்டும். குழந்தையை நேரில் கொண்டுவர வேண்டியது மூன்று நிலைகளில்தான்: குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவர் அதே வீட்டில் இருந்தால், பெற்றோர் துணையின்றி விடுதி அல்லது இல்லத்தில் குழந்தை இருந்தால், வீடோ பெற்றோரோ இல்லாத குழந்தை என்றால். பெற்றோரோடு பாதுகாப்பாக இருக்கும் குழந்தையைத் தளியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு அலையவிடத் தேவையில்லை. அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்பினாலே போதும். இப்போது பல கோப்புகளில் அந்தப் படிவம் பெயரும் வயதும் மட்டும் எழுதி வருகிறது; காயம் உண்டா, வீட்டில் ஆபத்து உண்டா, மொழி என்ன என்ற கட்டங்கள் காலி.

வாக்குமூலம் வாங்கும் இடமும் உடையும் போக்சோ சட்டத்தின் பிரிவு 24-இல் இருக்கின்றன. குழந்தையின் வீட்டில் அல்லது அது விரும்பும் இடத்தில், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். இரவில் எக்காரணத்துக்காகவும் குழந்தையை நிலையத்தில் வைக்கக் கூடாது. "ஜீப் இல்லை, அதனால் இங்கேயே எழுதிட்டோம்" என்பது அடிக்கடி கேட்கும் பதில். ஜீப்புக்கு வழி செய்ய முடியாத நாளில் 1098 வாகனத்தைக் கேட்கலாம் என்ற எளிய ஏற்பாட்டைக்கூட 72 மணி நேரக் கூட்டம் இல்லாமல் யாரும் செய்துகொள்வதில்லை.

மருத்துவமனைதான் எங்களுக்கு மிகக் கவலை தரும் இடம், அதனால் சற்று நீட்டிச் சொல்கிறோம். குழந்தை வந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி "போலீஸ் மெமோ இருக்கா?" மெமோ என்பது பரிசோதனை கேட்டுக் காவல்துறை தரும் கடிதம். இது கேட்கவே கூடாத கேள்வி. பிரிவு 27-இன்படி எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் பரிசோதிக்கலாம். 2020 விதிகளின்படி அவசர சிகிச்சைக்கு எந்தச் சட்டக் கடிதத்தையும் நிபந்தனையாக வைக்கக் கூடாது. மருத்துவர் மெமோ கேட்க, குடும்பம் நிலையத்துக்குத் திரும்ப, ஆய்வாளர் பந்தோபஸ்தில் இருக்க, ஒரு பகல் போய்விடும். அந்த ஒரு பகல் மலிவானதல்ல. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், பிறகு 28 நாள் தொடர வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் என்றால் நல்ல பலன், ஐந்து நாள் வரை ஓரளவு. உடல் தடயங்கள் எடுக்க மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டி வைக்கும் வரம்பு 96 மணி நேரம்.

அடுத்தது பெண் மருத்துவர். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். தேன்கனிக்கோட்டையில் அன்று பணியில் இல்லை என்றால் ஓசூருக்கு எழுதுகிறார்கள், ஓசூரில் அறுவை அரங்கில் இருந்தால் கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்கு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஓ.பி. சீட்டு, ஒரு வரிசை, ஒரு முறை "என்னம்மா ஆச்சு". இதற்குத் தீர்வு எளிது: எந்த நாளில் எந்த மருத்துவமனையில் எந்தப் பெண் மருத்துவர் பொறுப்பு என்ற மாதப் பட்டியலை இணை இயக்குநர் அலுவலகம் எல்லா மகளிர் காவல் நிலையங்களுக்கும் 1098-க்கும் கொடுத்துவிட்டால், முதல் அழைப்பிலேயே சரியான இடத்துக்குப் போகலாம். மலைப்பகுதியிலிருந்து வருபவர்களுக்கு இது ஒரு நாள் மிச்சம்.

பரிசோதனையின் உள்ளே நடக்கும் பிழைகளும் உண்டு. பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியை நிழலில் காற்றில் உலர்த்தாமல் ஈரத்தோடு குழாயில் அடைத்து அரக்கு வைத்தால் பூஞ்சை பிடித்து மரபணு சிதையும். துணியைப் பிளாஸ்டிக் கவரில் போடக் கூடாது, காகித உறைதான். கருக்கலைப்புக்குப் பின் திசுவை மரபணுச் சோதனைக்கு அனுப்பும்போது வழக்கத்தில் ஃபார்மலின் ஊற்றிவிடுகிறார்கள். ஃபார்மலின் மரபணுவைக் கெடுக்கும். சாதாரண உப்பு நீரில், ஐஸ் பெட்டியில் போக வேண்டும். சீல் வைத்த பெட்டியை வாங்க ஏட்டு வரவில்லை என்று நாள் கணக்கில் அறை வெப்பத்தில் கிடப்பதும் நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அடுக்கும், கை மாறிய நேரம் எழுத ஒரு பதிவேடும் இருந்தால் நீதிமன்றத்தில் பாதி வாதம் குறையும். புதிய சட்டப்படி மருத்துவ அறிக்கை ஏழு நாளில் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும், குறிப்பிட்ட போக்சோ குற்றங்களில் புலன் விசாரணை இரண்டு மாதத்தில் முடிய வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

இரு விரல் சோதனை கூடாது என்று 2013-இலும், செய்பவர் பணி ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. காயம் இல்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று பொருளல்ல. அறிக்கையின் கடைசி வரியில் "வன்முறைக்கான அடையாளம் இல்லை" என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை நாள் கழித்து வந்தது, குளித்ததா, உடை மாற்றியதா என்பதையும் சேர்த்து எழுதினால் அந்த வரி வழக்கைக் கொல்லாது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் ஒப்புதலைக் குழந்தையிடமே வாங்க வேண்டும். பரிசோதனை வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து.

இனி, நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம்: இளவயதுக் கர்ப்பம். அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியரின் கைக்கு வரும் ஐந்தாம் மாதக் கர்ப்பிணிக்குப் பதினாறு வயது. வீட்டார் பத்தொன்பது என்கிறார்கள். ஆதாரைக் காட்ட மறுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் போட்டால் வயது தெரிந்துவிடும் என்று பதிவே செய்யாமல் விடுகிறார்கள். செவிலியர் புகார் கொடுத்தால் அதே ஊருக்கு மறுநாள் தடுப்பூசிப் பெட்டியோடு அவர்தான் தனியாகப் போக வேண்டும். பயம் நியாயமானது. புகார் செவிலியர் பெயரில் போகாமல், அவர் எழுத்தில் கொடுக்கும் தகவலின் பேரில் வட்டார மருத்துவ அலுவலர் அலுவலக முத்திரையோடு அன்றே காவல்துறைக்குப் போகட்டும். இதை மாவட்ட சுகாதார அலுவலர் நடைமுறையாக அறிவித்தாலே மறைத்தல் குறையும்.

திருமணம் ஆகிவிட்டது என்பது விடையல்ல. பதினெட்டு நிரம்பாத மனைவியோடு உறவும் குற்றமே என்று 2017 அக்டோபர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சமயம் இன்னொரு தீர்ப்பையும் நம் மருத்துவர்கள் அறிய வேண்டும். 2022 செப்டம்பர் 29-இல் வந்த தீர்ப்பின்படி, இசைவான உறவில் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வந்து, அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பிரிவு 19-இன் கீழ்த் தகவல் கொடுக்கும்போது சிறுமியின் பெயர், அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை. இது தெரியாததால் அரசு மருத்துவமனையில் "முதலில் ஸ்டேஷனுக்குப் போ" என்று திருப்பி அனுப்புகிறார்கள். போனவர்கள் நிலையத்துக்குப் போவதில்லை, தகுதியில்லாதவரிடம் போகிறார்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி சிறுமிகளுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு, 20 வாரத்துக்கு மேல் இரண்டு மருத்துவர் கருத்து வேண்டும். 23-ஆம் வாரத்தில் வந்த சிறுமியை மெமோவுக்கு அலையவிட்டால் 25-ஆம் வாரத்தில் அவர் உயர் நீதிமன்றத்தின் வாசலில் நிற்க நேரும்.

வழக்குப் பதிவான பிறகு நடப்பதையும் யாரும் பார்ப்பதில்லை. கணவனைக் கைது செய்தாயிற்று, சிறுமியை இல்லத்துக்கு அனுப்பியாயிற்று. ஆனால் அவளுடைய இரும்புச்சத்து மாத்திரையும் ரத்த அழுத்தப் பரிசோதனையும் சொந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலேயே நின்றுவிடுகின்றன. இளவயதுக் கர்ப்பத்தில் ரத்தசோகையும் உயர் ரத்த அழுத்தமும் உயிரெடுக்கும். எந்தச் செவிலியரின் பொறுப்பிலிருந்து எந்தச் செவிலியரின் பொறுப்புக்கு அவள் மாறினாள் என்பதைக் கேட்க, 72 மணி நேர மேசையில் சுகாதாரத் துறை இருந்தாக வேண்டும்.

தடுத்து நிறுத்திய திருமணங்கள் பற்றி ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிறுத்தி, பெற்றோரிடம் எழுதி வாங்கி, படம் எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று சமூக நலத் துறை கருதுகிறது. அடுத்த முகூர்த்தத்தில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு கோயிலில் தாலி ஏறிவிடும். திருமண ஆபத்தில் உள்ள குழந்தை, இளைஞர் நீதிச் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. ஆகவே அவளை நலக் குழு முன் கொண்டுவந்து, பதினெட்டு வரை தொடர் கண்காணிப்பு ஆணை வாங்க வேண்டும். தேவைப்பட்டால் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் பிரிவு 13-இன் கீழ் நடுவரிடம் தடையாணையும் கேட்கலாம்.

மொழி. சூளகிரியில் தெலுங்கு, தளியில் கன்னடம், நகரங்களில் உருது, மலையில் இருளர் பேச்சு, ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் இந்தியும் ஒடியாவும். மொழிபெயர்ப்பாளர் பட்டியலைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பட்டியல் இருந்தாலும் இரவு எட்டு மணிக்கு அழைத்தால் எடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி. இப்போது மொழிபெயர்ப்பது பக்கத்து வீட்டுக்காரர் அல்லது மேஸ்திரி. பல நேரங்களில் அந்த மேஸ்திரி குற்றவாளியின் உறவு. குழந்தை பேசிய சொற்களிலேயே பதிவு செய்யச் சொல்கிறது போக்சோ சட்டத்தின் பிரிவு 26. கன்னடத்தில் ஏழு வயதுக் குழந்தை சொன்னதைத் தமிழில் "என்னைப் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தினார்" என்று எழுதினால், அந்த வாக்கியத்தைக் குழந்தையின் வாக்கியம் என்று எந்த நீதிபதி நம்புவார்? ஒலி, ஒளிப்பதிவு செய்யவும் அதே பிரிவு வழி தருகிறது. கைப்பேசியிலேயே முடிகிற வேலை.

மேசைக்கு வருவோம். உட்கார வேண்டியவர்கள் புலன் விசாரணை அதிகாரி, நலக் குழுவின் ஓர் உறுப்பினர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பாதுகாப்பு அலுவலர், மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், வட்டாரக் கல்வி அலுவலர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர், நியமிக்கப்பட்டிருந்தால் ஆதரவு நபர். குழந்தை வரக் கூடாது. நடந்த குற்றத்தின் விவரத்தை அங்கே படிக்கவே கூடாது. பேச வேண்டியது அடுத்த முப்பது நாள்: குழந்தை எங்கே தூங்கும், யார் பள்ளிக்குக் கூட்டிப் போவார், மருந்து யார் கையில், நடுவர் முன் வாக்குமூலம் எந்த நாள், பணம் எங்கிருந்து. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் இருந்தால், குழந்தையைத்தான் வெளியேற்ற வேண்டும் என்ற அவசியம் இல்லை. நலக் குழுவுக்கு முடிவெடுக்க மூன்று நாள் இருக்கிறது, நாங்கள் 72 மணி நேரம் கேட்பதும் அதனால்தான். பாட்டி வீடோ சித்தி வீடோ இருக்கிறதா என்று பார்க்காமலே இல்லத்துக்கு அனுப்புவதால் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தவறவிடுவது பாதிக்கப்பட்ட குழந்தைதான்.

இந்தக் கூட்டத்துக்கு எல்லை உண்டு. நலக் குழு நீதிமன்ற அதிகாரம் கொண்ட அமைப்பு, அதன் முடிவை மேசை கட்டுப்படுத்த முடியாது. யாரைக் கைது செய்வது என்பதும் மேசையின் வேலையல்ல. குறிப்பாக, சமரசம் பேசும் இடமாக அது ஒருநாளும் ஆகக் கூடாது. துறைகள் கை கோப்பது தன்னளவில் நல்லது என்று நாங்கள் நினைக்கவில்லை. கிருஷ்ணகிரி தருமபுரியோடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, 1992 ஜூன் 20 அன்று, வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறைகளும் ஒன்றாகத்தான் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்துக்குப் போய் அந்த மக்கள் மீது வன்கொடுமை நிகழ்த்தின. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு வரப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். ஆகவே குற்றம் சாட்டப்பட்டவர் எந்தத் துறை ஊழியரோ, அந்தத் துறைக்கு மேசையில் நாற்காலி கிடையாது என்ற விதியையும், அரசு ஊழியரல்லாத ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்பதையும் ஆணையிலேயே எழுதுங்கள்.

ஆதரவு நபர் என்று ஒருவர் உண்டு என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. வழக்கு முடியும் வரை கூட வருபவர், ஜாமீன் மனு வந்தால் சொல்பவர், நீதிமன்றத்தில் திரைக்குப் பின்னால் உட்காரும் ஏற்பாட்டைக் கேட்பவர். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் எல்லா வழக்கிலும் தெரிவிக்கச் சொன்னது. நியமித்த 24 மணி நேரத்தில் சிறப்பு நீதிமன்றத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீதிமன்றப் பகுதியில் நாங்கள் அதிகம் சொல்லப் போவதில்லை, சட்டமே முப்பது நாளில் குழந்தையின் சாட்சியம், ஓராண்டில் விசாரணை என்கிறது. ஆனால் வாய்தா நாளில் குழந்தையும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஊத்தங்கரையிலிருந்து ஒரே பஸ்ஸில் வராமல் பார்ப்பது ஆட்சியர் அலுவலக வாகனத்தால் முடியும் காரியம்.

பணம். உணவு, உடை, பயணத்துக்கான சிறப்பு நிவாரணத்தை நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் தர வேண்டும். இடைக்கால இழப்பீட்டை எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் வழங்கலாம், ஆணை வந்த முப்பது நாளில் அரசு செலுத்த வேண்டும். தடை படுவது இரண்டே இடத்தில். விண்ணப்பம் போடுவது யார் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைக்கு வங்கிக் கணக்கு இருக்காது, அல்லது தகப்பனோடு கூட்டுக் கணக்காக இருக்கும், அந்தத் தகப்பனே குற்றம் சாட்டப்பட்டவராக இருப்பான். கணக்கு தொடங்குவது மேசையில் ஒருவர் பெயருக்கு எழுதப்பட வேண்டிய வேலை.

எஃப்.ஐ.ஆர். நகல் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நிறுத்தியாக வேண்டும். பள்ளியின் பெயர், தெருவின் பெயர், தாயின் வேலை என்று மூன்றைச் சேர்த்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். அடையாளத்தை வெளியிட்டால் ஊடகத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் சிறை என்கிறது போக்சோ சட்டத்தின் பிரிவு 23. ஆனால் நகல் கசிவது செய்தியாளரிடமிருந்து அல்ல, நம் துறைகளின் குழுக்களிலிருந்து. மேசையின் குறிப்புகளும் தாளில் மட்டும், எண் குறிப்பிட்டு, பெயர் இல்லாமல்.

நலக் குழுவின் செயல்பாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்யும் பொறுப்பு இளைஞர் நீதிச் சட்டப்படி தங்களுடையது. அந்த ஆய்வில் வழக்கமாகக் கேட்கப்படும் "எத்தனை வழக்கு, எத்தனை தீர்வு" என்பதோடு ஐந்து கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: முதற்கட்ட மதிப்பீட்டு அறிக்கை 24 மணி நேரத்தில் வந்தது எத்தனை, மெமோ இல்லாமல் சிகிச்சை தொடங்கியது எத்தனை, ஆதரவு நபர் உள்ள வழக்கு எத்தனை, இடைக்கால இழப்பீட்டு மனு போட்டது எத்தனை, குழந்தை பள்ளிக்குத் திரும்பியது எத்தனை. குழு மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும். கூடாத நாளில் ஒரு தனி உறுப்பினர் முன்னும் குழந்தையை ஆஜர்படுத்தலாம். இதைக் காவல் நிலையங்களுக்கு எழுத்தில் தெரிவித்தால் "இன்னைக்கு சிட்டிங் இல்லை" என்று ஓசூரிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது நிற்கும்.

ஆணையின் சுருக்கத்தைத் தமிழோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சிட்டு, எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஒட்டச் சொல்லுங்கள். வரைவு தயாரிக்க அழைத்தால் வருகிறோம். படிவங்களின் மாதிரியும் பெண் மருத்துவர் பட்டியலுக்கான அட்டவணையும் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், ஆசிரியர்கள்